மாத்திரை குடுத்த கணக்கு போதும், சுகர் குறைஞ்சுச்சான்னு கேளுங்க

சுகாதாரத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன வாரம் எங்க அம்மாவுக்கு வலது கால் சுண்டுவிரலை எடுத்துட்டாங்க. ஆபரேஷன் பண்ண டாக்டர் அம்மாவோட சுகர் நோட்டை புரட்டிப் பார்த்துட்டு, ஏம்மா இத்தனை மாசமா ஒரே டோஸா போடுறீங்கன்னு கேட்டார். அம்மா என்ன சொல்லுவாங்க, குடுத்ததை ஒருவேளை விடாம போட்டவங்க அவங்க.

அந்த நோட்டு இப்ப என் கையிலதான் இருக்கு. சாப்பாட்டுக்கு அப்புறம் 268, பக்கத்துல சுகர் மாத்திரை மெட்பார்மின் 500 காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. அடுத்த மாசம் 281, ரிபீட், அதாவது அதே டோஸ் திரும்ப. அதுக்கடுத்து 254, ரிபீட். 302 வந்த அன்னிக்கும் ரிபீட்தான். எல்லாத்துக்கும் சீல் இருக்கு, கையெழுத்து இருக்கு, டெஸ்ட் எடுத்த நர்ஸம்மா நம்பருக்கு அடியில சிவப்பு மையில கோடு கூட போட்டு வெச்சிருக்காங்க. அந்த கோட்டைப் பார்த்து டோஸை மாத்தணும்னு முடிவெடுக்க யாருக்கும் நேரமில்ல.

டாக்டரை குறை சொல்ல நான் இதை எழுதலங்க. எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல இருக்கிறது ஒரே டாக்டர், காய்ச்சல், நாய்க்கடி, மாசமா இருக்கிறவங்க எல்லாரையும் பார்த்து முடிச்சு சுகர்காரங்க வரிசைக்கு அவர் வரும்போது ஆளுக்கு ஒரு நிமிஷம் கூட மிஞ்சாது, இதுல பாதி நாள் மீட்டிங், கேம்ப், வேற ஊர் டெபுடேஷன். நர்ஸம்மா ரிஜிஸ்டர்ல எழுதினதையே திரும்ப ஆப்ல ஏத்திட்டு இருக்காங்க. இவ்வளவு கணக்கு எடுத்தும் அம்மாவுக்கு சுகர் ஏறிக்கிட்டே போகுதுன்னு ஒரு கணக்கும் சொல்லலையே, அதுதான் வயிறு எரியுது.

2021 ஆகஸ்ட் 5ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சீங்க, வீட்டு வாசலுக்கே மாத்திரை வருது, அதுக்கு நாங்க நன்றியோடதான் இருக்கோம். ஆனா 2020ல தமிழ்நாட்டுல பிபி, சுகர் பத்தி எடுத்த ஸ்டெப்ஸ்ங்கிற சர்வேல பிபி இருக்கிறவங்கள்ல 7.3 சதவீதம் பேருக்குத்தான் கன்ட்ரோல்ல இருந்துச்சு, சுகருக்கு 10.8 சதவீதம். நூத்துக்கு தொண்ணூறு பேருக்கு கன்ட்ரோல் இல்லைங்கிறதுதானே அப்ப இருந்த பிரச்சனை, அப்ப ரிவ்யூ மீட்டிங்ல முதல் கேள்வி அதுவா தானே இருக்கணும்? எத்தனை பேரை ஸ்கிரீன் பண்ணீங்க, எத்தனை பேருக்கு மாத்திரை போச்சுன்னு மட்டும் கேட்டா, கீழ இருக்கிறவங்க அதை மட்டும்தான் செய்வாங்க.

பிபிக்கு வழி ஏற்கனவே இருக்கு. மத்திய அரசோட உயர் ரத்த அழுத்த திட்டத்துல எத்தனை பேருக்கு 140/90க்கு கீழ வந்துச்சுன்னு எண்ணுறாங்க, வரலன்னா அடுத்து எந்த மாத்திரையை சேர்க்கணும்னு படிப்படியா எழுதியே வெச்சிருக்காங்க. சுகருக்கும் அப்படி ஒரு தாளை ஓபி டேபிள்ல ஒட்டி வையுங்க. மெட்பார்மின் டோஸை ஏத்துறதும், பத்தலன்னா கிளிமிபிரைடுங்கிற இன்னொரு சுகர் மாத்திரையை சேர்க்கிறதும் எந்த டாக்டருக்கும் தெரியாத விஷயமில்ல, நோட்டோட முந்தின பக்கத்தை திருப்பிப் பார்க்க அவருக்கு ரெண்டு நிமிஷம் வேணும், அவ்வளவுதான்.

அதனால திரும்பவும் கேக்குறேன், எத்தனை பேருக்கு கன்ட்ரோல் ஆச்சுன்னு கேளுங்க. தொடர்ந்து ரெண்டு மாசம் 200க்கு மேல போனா, டாக்டர் காரணம் எழுதாம ரிபீட் போடக்கூடாதுன்னு ஒரு உத்தரவு போடுங்க. அந்த மாதிரி ஆளுங்களை மட்டும் நர்ஸம்மா தனியா பிரிச்சு அனுப்பட்டும், செருப்பை கழட்டச் சொல்லி காலையும் ஒருதடவை பார்க்கட்டும். எங்க அம்மா விரல்ல புண்ணு இருந்தது எங்க வீட்டுக்கே லேட்டாத்தான் தெரிஞ்சுது, மரத்துப் போன கால்ல அவங்களுக்கு வலியே இல்ல.

காலியா இருக்கிற டாக்டர் போஸ்டிங்கை நிரப்ப நாளாகும், புரியுது. இந்த கேள்வியை அடுத்த மாச ரிவ்யூலயே சேர்க்கலாம், தயவு பண்ணி சேர்த்துடுங்க.

இப்படிக்கு,
ஒரு சுகர் பேஷன்ட்டோட மகள்