அவ்வை சண்முகமும் கருவடிக்குப்பமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் நாடக நடிகர் அவ்வை டி.கே. சண்முகம் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு எடுத்தேன். படித்து முடித்தபோது மனக்குறைதான் மிஞ்சியது. 1935இல் வந்த ‘மேனகா’ தொடங்கி அவர் நடித்த படங்களை வரிசையாகச் சொன்ன கட்டுரையாளர், அவருடைய மேடை வாழ்க்கையை ஒரே பத்தியில் தாண்டிப் போய்விட்டார். புதுச்சேரி என்ற சொல்லே கட்டுரையில் இல்லை. வேறு ஊர்க்காரர்கள் விட்டுவிடலாம், நாம் விடலாமா?

1912இல் பிறந்த சண்முகம், ஆறாவது வயதில் சகோதரர்களோடு மதுரையில் ஒரு பாய்ஸ் கம்பெனியில், அதாவது சிறுவர்களே நடிக்கும் நாடகக் குழுவில் சேர்ந்தார். தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்பது அதன் பெயர். நாடகம் எழுதிப் பயிற்சி கொடுத்த வாத்தியார், சங்கரதாஸ் சுவாமிகள். ‘அபிமன்யு சுந்தரி’யைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதும், அபிமன்யுவாகச் சிறுவன் சண்முகம் நடித்தார் என்பதும் நாடகக்காரர்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை. மைக் இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசையில் மண்தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் லகரமும் ளகரமும் ழகரமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பின்னாளில் சண்முகத்தின் உச்சரிப்பை எல்லோரும் மெச்சினார்களே, அந்தப் பயிற்சி எந்த ஸ்டூடியோவிலும் கிடைத்ததில்லை.

அந்த வாத்தியார் பக்கவாதத்தில் விழுந்து, 1922 நவம்பர் 13 அன்று நம் புதுச்சேரியில் கண் மூடினார். சண்முகத்துக்கு அப்போது பத்து வயது. சுவாமிகளின் சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. பாரதியின் குயில் பாட்டு பிறந்த தோப்பு என்று அந்த ஊரை அறிந்தவர் பலர். இந்தச் சமாதியை அறிந்தவர் சிலரே.

என் தந்தை மேடை நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். நவம்பர் மாதத்தில் சுவாமிகளின் நினைவு நாளில் என்னையும் சைக்கிளில் வைத்து அங்கே அழைத்துப் போவார். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று வேடம் கட்டும் கலைஞர்கள் அன்று வேடமில்லாமல், வெறும் வேட்டி சட்டையில் நிற்பார்கள். தந்தை பெட்டியைத் தரையில் வைத்துத் துருத்தியைத் தள்ளிச் சுருதி பிடிப்பார். ஒருவர் வணக்கப் பாட்டை எடுப்பார், மற்றவர்கள் தொடர்வார்கள். பாடி முடித்ததும் தந்தை பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அந்தக் கை எனக்கு இன்னும் தெரிகிறது.

1942இல் ‘அவ்வையார்’ நாடகம் மேடையேறியபோது சண்முகத்துக்கு வயது முப்பது. முப்பது வயது ஆண்மகன் கிழவியாக வந்து நின்று, அந்தப் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வாங்கிக்கொண்டார். என் தந்தை அந்த நாடகத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறார். “குரல் நடுங்கும், சொல் நடுங்காது” என்பார். 1953இல் அவ்வையார் கதை படமாக வந்தபோது அதில் நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். அந்த அம்மையாரை இன்றும் திரையில் பார்க்க முடிகிறது, நல்லதுதான். சண்முகத்தின் அவ்வையைப் பார்க்க நமக்கு வழியில்லை. கண்டவர்களோடு அது போய்க்கொண்டிருக்கிறது. அதனால்தான் மேடையை ஒரு பத்தியில் முடித்தது எனக்கு இவ்வளவு உறுத்துகிறது.

திரையில் அவரைப் பார்க்க விரும்பும் இளைஞர்களுக்கு 1961இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தைச் சொல்வேன். அதில் அவர் சுப்பிரமணிய சிவா. மேடையில் தேறிய குரல் என்றால் என்ன என்பதை அந்த வசனங்களில் காது கொடுத்துக் கேட்கட்டும்.

புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே படிக்கும் பிள்ளைகளையும், கடலூர், பாகூர், வில்லியனூர்ப் பக்கம் இன்னும் இருக்கும் பழைய நடிகர்கள், பின்பாட்டுக்காரர்களையும் சேர்த்து உட்கார வைத்துத் தங்கள் இதழ் ஒரு தொடர் வெளியிட வேண்டும். அவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும் பாட்டுகளைக் குரலோடு பதிவு செய்ய வேண்டும். பலருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

என் தந்தை கைப்பட எழுதிய பாட்டு நோட்டுகள் மூன்று என்னிடம் இருக்கின்றன. எந்தப் பாட்டுக்கு எத்தனை கட்டைச் சுருதி என்றுகூட ஓரத்தில் குறித்திருக்கிறார். தங்கள் நிருபர் எந்த நாளும் வரலாம், எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆர்மோனியக் கலைஞர் ஒருவரின் மகன்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.