கடலோரம் வரை எங்களைக் கொண்டு சேர்த்தவர்களுக்கு நன்றி

பெருமதிப்பிற்குரியீர்,

வயல்வெளிகளையும் சிற்றூர்களையும் கடந்து நெடுந்தொலைவு காரில் பயணம் செய்த நானும் என் குடும்பத்தாரும் கடலோர ஊரை நலமாக அடைந்தோம். உங்களுள் பலருடைய பெயரைக் கேட்டறிவதற்கு முன்பே நீங்கள் உங்கள் வேலையைப் பார்க்கச் சென்றுவிட்டதால், எங்கள் நன்றியை இம்மடல் வழியே பொதுவில் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஏற்றமான சாலையில் எஞ்சின் வெப்பத்தைக் காட்டும் முள் மளமளவென்று உயர்ந்து, பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியபோது, எதிரே வந்த டிராக்டரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வந்த விவசாயி ஐயாவுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். எஞ்சினை அணைக்கச் சொன்ன கையோடு, ரேடியேட்டர் மூடியை யாரும் தொடக் கூடாது என்று நீங்கள் கண்டிப்பாகத் தடுத்தீர்கள். அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் குளிர்விப்பு நீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் என்பதையும், மூடி திறந்த கணமே அது சீறிக்கொண்டு முகத்தில் அடிக்கும் என்பதையும், கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடக்கூடும் என்பதையும் பொறுமையாக விளக்கினீர்கள். அத்துடன் நில்லாமல், எஞ்சின் ஆறுவதற்குள் டிராக்டரிலேயே சென்று மெக்கானிக்கை அழைத்தும் வந்தீர்கள்.

அந்த மெக்கானிக் தம்பியின் நேர்மையை நான் தனியாகச் சொல்லியாக வேண்டும். ரப்பர் குழாயின் நுனியில் இருந்த வெடிப்பைக் கண்டுபிடித்து, அந்தப் பகுதியை மட்டும் வெட்டி நீக்கி, கிளிப்பை மீண்டும் இறுக்கி, கூலன்ட் நிரப்பிய பிறகும் நீங்கள் எங்களை உடனே அனுப்பிவிடவில்லை. மின்விசிறி தானாகச் சுழன்று நிற்கும் வரை எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தீர்கள். இது தற்காலிகமான வேலைதான், ஊர் போய்ச் சேர்ந்ததும் குழாயையே மாற்றிவிடுங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னீர்கள். அவ்வாறே மாற்றிவிட்டோம்.

இரவு உணவுக்காக நின்ற இடத்தில், இதற்கு மேல் ஓட்டாதீர்கள் என்று அறிவுரை கூறிய லாரி ஓட்டுநர் அண்ணனுக்கும் நன்றி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் கடந்துவிடும் என்பதையும், கண்ணயர்வதற்கு அந்த ஒரு நொடியே போதும் என்பதையும், கண்ணாடியை இறக்குவதாலோ பாட்டைச் சத்தமாக வைப்பதாலோ தூக்கம் தீராது என்பதையும் கூறி, நீங்கள் எங்களைத் தங்க வைத்தீர்கள். தரைப்பாலத்தின் மீது வெள்ளம் ஓடுகிறது என்று மறுநாள் காலை எங்களைத் திருப்பியனுப்பி, மாற்றுவழியைக் காட்டிய மூதாட்டிக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். முழங்காலளவு ஓட்டமே காரை இழுத்துச் சென்றுவிடும் என்பதால், உங்கள் சொல் எங்கள் உயிரைக் காத்தது என்றே கருதுகிறேன்.

கடற்கரையில் நின்ற உயிர்காப்பாளருக்கும் நன்றி. அலை உடையாமல் அமைதியாகத் தெரிந்த இடத்தை நோக்கிப் பிள்ளைகள் ஓடியபோது, அங்கேதான் நீர் கடலுக்குள் திரும்பி இழுக்கிறது என்று எச்சரித்தீர்கள். இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும் என்பதையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். நீங்கள் காட்டிய எல்லைக்குள்தான் பிள்ளைகள் ஆசை தீரக் குளித்தார்கள்.

நன்றியுடன்,
பயணக் குடும்பத்தார்