குழந்தை டிக்கெட் காசு பற்றி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோபாலபுரம், பொள்ளாச்சிப் பக்கமிருந்து லீவு விட்டால் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு, கேளிக்கைப் பூங்காக்களுக்குப் போகும் எங்கள் வேனில் ஏறும் எல்லோருக்கும் வணக்கம்.

போன பயணத்தைப் பற்றி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிற குரல்பதிவை நாங்களும் கேட்டோம். வண்டி தாமதமானது உண்மை, மன்னிக்கவும். ஆனால் "நாலு வயசுப் பிள்ளைக்கும் டிக்கெட்டுன்னு காசு வாங்கி ஏமாத்திட்டாங்க" என்ற பேச்சைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. அந்தக் காசு அப்படியே பூங்கா கவுண்டருக்குப் போகிறது. அதில் எங்களுக்கு ஒரு ரூபாயும் கிடையாது.

பெரிய பூங்காக்களில் பெரும்பாலும் வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். வாசலிலேயே கோடு போட்டிருக்கும். கீழ்க்கோட்டுக்குள் நிற்கும் குழந்தைக்கு இலவசம், அதைத் தாண்டினால் குழந்தை டிக்கெட், 140 செ.மீ. தாண்டினால் பல இடங்களில் பெரியவர் டிக்கெட். நாலு வயதுப் பிள்ளை பெரும்பாலும் ஒரு மீட்டரை ஒட்டி இருக்கும், அதனால் கீழ்க்கோட்டைத் தாண்டிவிடும். ஆதாரை நீட்டினாலும் பயனில்லை. பதிவு எடுக்கும்போதே இதை உங்களிடம் விளக்கியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது எங்கள் தவறு.

இனிமேல் பதிவுக்கு வயதோடு உயரமும் கேட்போம். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி பிள்ளையை நிறுத்துங்கள். உச்சிக் கொண்டை, பூ, ஹேர்பேண்ட் எதுவும் வேண்டாம். கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தலையில் மட்டமாக வைத்துச் சுவரில் பென்சில் கோடு போட்டு, தரையிலிருந்து டேப்பால் அளந்தால் போதும். காலையில் அளந்ததைவிடச் சாயங்காலம் ஒரு செ.மீ. வரை குறையலாம். நாள் முழுக்க நிற்பதிலும் நடப்பதிலும் முதுகெலும்பின் தட்டுகள் கொஞ்சம் அமுங்கும். எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைக்கு இந்த ஒரு செ.மீ. பெரிய விஷயம்.

ரைடில் ஏற்றாமல் திருப்பி அனுப்பினார்கள் என்ற வருத்தமும் எங்களுக்குப் புரிகிறது. தோளையும் மடியையும் அழுத்திப் பிடிக்கும் இரும்புக் கம்பி ஒரு குறிப்பிட்ட உடல் அளவுக்குச் செய்தது. சின்ன உடம்பு அதன் அடியில் வழுக்கி வெளியே வந்துவிடும். அந்த ஊழியரிடம் கெஞ்சக் கூடாது, அவர் மறுப்பது உங்கள் பிள்ளைக்காகத்தான். குட்டி ரைடுகளுக்கோ மேல் வரம்பு இருக்கும். அதனால் தம்பி ஏறும் ரயிலில் அண்ணன் ஏற முடியாது, அண்ணன் ஆசைப்படும் ராட்டினத்துக்கு அவன் உயரமும் எட்டாது. அன்று அதிகம் அழுதது இந்த நடு உயரப் பிள்ளைகள்தான்.

ஆகவே வீட்டின் கடைக்குட்டியை வைத்து இடத்தை முடிவு செய்யுங்கள். ஐந்து வயதுக்குள் என்றால் மலம்புழாவே போதும். பாலக்காட்டுக்குப் பக்கத்திலேயே ஃபேன்டஸி பார்க், அணைத் தோட்டம், ரோப்வே எல்லாம் இருக்கின்றன, மதியத் தூக்கத்துக்கு வீடும் திரும்பிவிடலாம். 2000-இல் வீகாலாந்து என்ற பெயரில் திறந்த கொச்சி வண்டர்லா பூங்காவுக்குப் பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்தபின் போனால் கொடுத்த காசுக்குப் பலன் உண்டு.

தண்ணீரில் இறங்க நைலான் உடைதான். பருத்தித் துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துப் போகும், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். ஜிப்பும் உலோகப் பட்டனும் சறுக்குப் பாதையைக் கீறும். சாதாரண டயப்பர் தண்ணீரில் ஊதிவிடும், நீச்சல் டயப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். அலைக்குளத்தில் முழங்கால் ஆழத்துக்கு மேல் சின்னப் பிள்ளையை விடாதீர்கள். உதடு நீலம் பாய்ந்தால் உடனே கரையேற்றித் துடைத்துவிடுங்கள், "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று எவ்வளவு அழுதாலும் சரி.

வண்டியில் கூட வந்து குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட சேச்சி வேலையை விட்டுவிட்டார். வேறு ஆள் கிடைக்கும்வரை மூன்று வயதுக்குள் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெரியவர் கூட வர வேண்டும். உங்கள் போன் நம்பரைப் பிள்ளையின் கையில் மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள், பால்பாயின்ட் தண்ணீரில் அழிந்துவிடும். புறப்படும்போது அன்றைய உடையோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கூட்டத்தில் தேடும்போது சட்டை நிறம் பதற்றத்தில் மறந்துபோகும்.

பாட்டி தாத்தாவோடு வந்தவர்கள், முதல் பயணத்தில் கைக்குழந்தையாக ஏறி இப்போது ஜன்னல் சீட்டுக்கு அடம்பிடிக்கும் பிள்ளைகள், தெருவுக்கே எங்களைப் பற்றி எடுத்துச் சொன்னவர்கள் என உங்கள் எல்லோருக்கும் மனசார நன்றி. நீங்கள் இல்லாமல் இந்த வண்டி ஓடாது.

கொச்சிப் பயணம் இனி காலை 5 மணிக்குச் சரியாகக் கிளம்பும். பன்னியங்கரை, பாலியேக்கரை சுங்கச்சாவடிகளை நெரிசலுக்கு முன் தாண்டினால்தான் பூங்கா திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். வண்டியில் பிள்ளைகளுக்குப் பால் வேண்டாம், இட்லியே நல்லது. வாந்தி வரும் பிள்ளைகளுக்கு முன்சீட்டு, பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். டீசல், சுங்கச் செலவால் சீட்டுக்கு 120 ரூபாய் கூடியிருக்கிறது. மலம்புழாவுக்குப் பழைய கட்டணமே.