சுக்கான் கலந்த கரிசலில் மணிச்சத்து

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதமும் மண் பரிசோதனை அறிக்கையும் கிடைத்தன. பேத்தியின் காதுகுத்துக்கு வரமுடியாமல் போனதில் வீட்டில் எல்லோருக்கும் மனக்குறைதான். தைப் பொங்கலுக்குக் கோவில்பட்டி வருகிறோம்.

மக்காச்சோளம் ஊதா பாய்ந்து நிற்கிறது, ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி உரம் போட்டும் பலனில்லை என்று எழுதியிருந்தாய். ஐம்பது கிலோ மூட்டையில் 23 கிலோ மணிச்சத்து, அதாவது பாஸ்பேட், உண்டு. அது எங்கும் ஓடிவிடவில்லை. உன் மண்தான் பிடித்து வைத்திருக்கிறது.

கரிசலில் இரண்டு பிடிமானங்கள். ஒன்று சுண்ணாம்பு. கரைந்த பாஸ்பேட் முதலில் அதன் மேற்பரப்பில் ஒட்டும். பிறகு கால்சியத்தோடு சேர்ந்து, நாளாக ஆக எளிதில் கரையாத உப்பாக இறுகும். இங்கே சுண்ணாம்பின் அளவைவிட அதன் நுண்மை முக்கியம். உன் மேட்டு வயலில் கையில் தட்டுப்படும் வெள்ளைச் சுக்கான் என்னும் சுண்ணாம்புக் கற்களால் பெரிய தொல்லை இல்லை. மாவாகக் கலந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் சுண்ணாம்புக்குத்தான் பரப்பு அதிகம். கல்லை ஒதுக்கிவிட்டு வெறும் மண்ணில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டிப் பார். பொங்கி நுரைத்தால் அங்கே பிடிமானம் பலம்.

இன்னொன்று களி. களித்துகளின் விளிம்புகளும் அதன்மேல் படிந்த இரும்பு ஆக்சைடும் பாஸ்பேட்டை இழுத்துக்கொள்கின்றன. சுண்ணாம்பு மண் என்றாலே எல்லாப் பழியையும் சுண்ணாம்பின் மேல் போடுகிறார்கள். உரம் குறைவாக இருக்கும்போது களியின் பங்கே பெரிதாக இருப்பதுண்டு. நீலகிரியின் அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும்தான் பிடித்துவைக்கின்றன. அங்கே உருளைக்கிழங்குக்குச் சுண்ணாம்பு இட்டால் மணிச்சத்து பயிருக்குக் கூடுதலாகக் கிடைக்கும். உன் நிலத்துக்கு அந்த வைத்தியம் ஆகாது.

மூட்டையைக் கூட்டாதே. மிஞ்சினால் துத்தநாகக் குறையும் வந்து சேரும். பாஸ்பேட் மண்ணில் சில மில்லிமீட்டர்தான் நகரும்; வயலெங்கும் தூவினால் அத்தனையும் களியோடும் சுண்ணாம்போடும் கலந்துபோகும். அடுத்த புரட்டாசிக்கு, ஏக்கருக்கு 300 கிலோ மட்கிய தொழு உரத்தில் சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, ஈரம் தெளித்து, ஒரு மாதம் மூடிவை. விதைக்கும்போது அதை விதை வரிசையை ஒட்டியே இடு. மட்கிலிருந்து வரும் கரிம அமிலங்கள் பிடிமான இடங்களில் ஒரு பகுதியை முதலிலேயே அடைத்துக்கொள்ளும். பழைய உரமும் வீணில்லை, கொஞ்சம் கொஞ்சமாக விடுபடும். அதனால் இரண்டு வரிசைக்கு மட்டும் மணிச்சத்தே இடாமல் விட்டுப் பார்.

மேட்டு வயல் மண், கிணற்றடி மண் இரண்டிலும் அரைக் கிலோ தனித்தனியாக எடுத்து நிழலில் உலர்த்தி வை. பொங்கலுக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சண்முகம்