ரவிசங்கர் துணைக்கு வந்தவரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாப் நட்சத்திரங்கள் அரசியல் நோக்கங்களுக்காக நடத்தும் நிதிதிரட்டு இசை நிகழ்ச்சிகள் குறித்துச் சென்ற ஞாயிறு வெளிவந்த கட்டுரையில், 1971ஆம் ஆண்டு பங்ளாதேஷ் மக்களுக்காக, ‘பீட்டில்ஸ்’ இசைக்குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் நியூயார்க்கில் நடத்திய நிகழ்ச்சிக்கு ‘சித்தார் கலைஞர் ரவிசங்கரும் துணை நின்றார்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரி நான்கு நாள்களாக என் நெஞ்சில் முள்ளாய்க் கிடக்கிறது.

நடந்தது என்ன என்பது தாங்கள் அறியாததல்ல. 1970 நவம்பர்ப் புயலும் மறு ஆண்டு மார்ச்சில் தொடங்கிய பாகிஸ்தான் இராணுவத்தின் ஒடுக்குமுறையும் இன்றைய பங்ளாதேஷான கிழக்கு வங்காளத்தைச் சூறையாடி, இலட்சக்கணக்கானோர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்துகொண்டிருந்தபோது, மனம் பொறுக்காமல் ஹாரிசனிடம் உதவி கேட்டவர் ரவிசங்கர். அவருடைய குரு அலாவுதீன் கான் பிறந்த ஊர் இன்றைய பங்ளாதேஷில்தான் இருக்கிறது. நண்பர் வந்து கேட்டதையே ஹாரிசன் தம் பாடலின் தொடக்கமாக வைத்தார். அவர் மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்? அமெரிக்க அரசு பாகிஸ்தான் பக்கம் நின்ற அந்த நாளில், ‘பங்ளாதேஷ்’ என்ற பெயரை உச்சரிப்பதே அரசியலாக இருந்தது.

ஆகஸ்ட் 1ஆம் தேதி மேடிசன் ஸ்குவேர் கார்டனில் நடந்த இரண்டு காட்சிகளுக்கும் ஏறத்தாழ 40,000 பேர் வந்தனர். வசூலான 243,000 டாலருக்கு மேற்பட்ட தொகை ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப்புக்குச் சென்றது. முதலில் மேடையேறியவர்கள் ரவிசங்கர், சரோத் கலைஞர் அலி அக்பர் கான், தபேலா கலைஞர் அல்லா ரக்கா, தம்பூரா இசைத்த கமலா சக்கரவர்த்தி ஆகிய நால்வர். அவர்கள் சுருதி சேர்த்ததற்கே கூட்டம் கைதட்டியது.

எங்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை. 2005ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்டோருக்காக இங்கு சிங்கப்பூரில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் நான் மிருதங்கம் வாசித்தேன். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவை அப்பி, புள் என்னும் மரத்துண்டும் கல்லும் கொண்டு வலப்பக்கமான வலந்தலையைத் தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது, திரைப்பாடகர் வருவதாகச் சொல்லி எங்களை மேடையின் ஓரத்துக்கு நகர்த்தினார்கள். மறுநாள் செய்தியில் பாடகரின் பெயரும் படமும் இருந்தன. ‘பக்கவாத்தியக் கலைஞர்களும் கலந்துகொண்டனர்’ என்பதே எங்கள் அறுவருக்கும் கிடைத்தது. சன்மானம் எவரும் வாங்கவில்லை. வயலின் வாசித்த நண்பர் இரவு வேலைக்கு விடுப்பு எடுத்து, சீருடைப் பையோடு நேரே மேடைக்கு வந்தவர். இன்று அவர் உயிரோடு இல்லை. அரங்கேற்றச் செய்திகளிலும் சிறப்பு விருந்தினரின் பட்டங்கள் முழுமையாக அச்சாகின்றன. நட்டுவாங்கம் செய்தவர் யார், மிருதங்கம் வாசித்தவர் யார் என்று இன்றும் நாங்களே ஒருவரையொருவர் தொலைபேசியில் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறும், இனி நிகழ்ச்சிப் படங்களின் கீழ் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களையும் சேர்க்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அன்று வாசித்த அறுவரின் பெயர்களையும் தனித்தாளில் இணைத்துள்ளேன். வெளியிட இடமில்லையென்றாலும், அந்தத் தாள் தங்கள் கோப்பில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மிருதங்க ஆசிரியர்,
தோ பாயோ