வாடை ஏறினால் வற்றும் கடல்

கார்ப்பஸ் கிறிஸ்டி, டெக்சஸ்
ஜனவரி 12

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் சித்தியும் பிள்ளைகளும் நலமா? போன வாரம் பேசும்போது, "அங்க குளிர்ல கடலுக்குப் போவாங்களா, தண்ணி உறைஞ்சு போகாதா?" என்று கேட்டீர்கள். உறைவதில்லை சித்தப்பா, வற்றிப்போகிறது. அதைப் போனில் விளக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் ஊரில் வடகடல், தென்கடல் என்பதுபோல இங்கே வெளிக்கடல், உள்கடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்கடல் மெக்சிகோ வளைகுடா. அதற்கும் கரைக்கும் நடுவில் பாட்ரே தீவு என்ற மணல்தீவு ஏறக்குறைய 180 கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கிறது. தீவுக்கு உட்புறம்தான் லகுனா மாட்ரே. சராசரி ஆழம் ஒரு மீட்டர். முழங்கால் தண்ணீரிலேயே வெகுதூரம் நடந்து போகலாம். பெரிய ஆறு எதுவும் வந்து விழுவதில்லை, வெளிக்கடலுக்குப் போகும் வாய்களும் இரண்டு மூன்றுதான். வெயிலில் நீர் சுண்டிச் சுண்டி, கடலைவிட உப்பேறிக் கிடக்கும். அடியில் கடற்புல். நம் வடகடலில் வலையில் அப்பிக்கொண்டு வருமே, ஊசிபோல உருண்டது ஒன்று, நாடாபோலப் பட்டையானது ஒன்று, அந்தக் குடும்பங்களே இங்கேயும் முளைக்கின்றன. ஆழமில்லாத இந்த மேட்டுக்கடலின் நடுவே 1949-ல் தோண்டி முடித்த கப்பல் கால்வாய் ஒன்று ஓடுகிறது. 12 அடி ஆழம், 125 அடி அகலம். இந்தக் கால்வாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலாவைப் பார்த்து வெள்ளம், வத்தம் கணக்குப் போடும் பழக்கம் இங்கே உள்ளே செல்லாது. லகுனாவின் உட்பகுதியில் நிலாவுக்கு ஏறி இறங்குவது சில அங்குலம்தான். தண்ணீரை ஏற்றுவதும் இறக்குவதும் காற்று. நமக்கு ஐப்பசியில் கிளம்பும் வாடை மாதக்கணக்கில் நிற்கும். இங்கே அது ஐந்தாறு நாளைக்கு ஒருமுறை வந்து, இரண்டு மூன்று நாள் அடித்துவிட்டுப் போய்விடும். இங்குள்ளவர்கள் அதை நார்தர் என்கிறார்கள், நான் வாடை என்றே எழுதுகிறேன். வருவதற்கு முன்னால் தெற்கிலிருந்து ஈரக்காற்று வீசும், டிசம்பரிலும் வியர்க்கும். பிறகு காற்று சட்டென்று விழும். வடமேற்கு அடிவானத்தில் கருநீலமாய் ஒரு கோடு தெரியும். அரைமணி நேரத்தில் வடக்கிலிருந்து மணிக்கு 25, 30 கடல்மைல் வேகத்தில் அடிக்கும். காலையில் 24 டிகிரி இருந்த இடம் இருட்டுவதற்குள் 7 டிகிரிக்கு வந்துவிடும். அந்தக் காற்று தண்ணீரைத் தெற்கே தள்ளிக்கொண்டு போவதால் வடக்குப் பக்கம் ஒரு அடி, காற்று பலமாய் இருந்தால் இரண்டடிகூட வற்றும். ஜனவரி, பிப்ரவரியில் கடல்மட்டமே வருஷத்தில் மிகத் தாழ்வாக இருக்கும் காலம் வேறு. இரண்டும் சேர்ந்தால், நேற்று படகு ஓடிய இடத்தில் இன்று கொக்கு நடக்கும்.

மீனைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே எல்லோரும் தேடுவது மூன்று, மூன்றும் நம் கத்தாழைக் குடும்பம். உடம்பில் கரும்புள்ளி போட்டது ஸ்பெக்கிள்ட் டிரவுட், வாலடியில் ஒரே ஒரு கரும்பொட்டு வைத்த செம்மீன் ரெட்ஃபிஷ், தாடியில் மீசை தொங்கும் கறுப்பு டிரம். பெயரில் டிரவுட் என்றிருந்தாலும் முதலாவதும் சுத்தமான கத்தாழைதான். பிடித்ததும் கையில் கர்கர் என்று உறுமும், காதுக்கல்லும் அப்படியே பெரிது. எருமைநாக்கு போன்ற தட்டைமீன் ஒன்றும் உண்டு, ஆனால் அது முட்டையிட வெளிக்கடலுக்கு ஓடும் நவம்பர் 1 முதல் டிசம்பர் 14 வரை தொடவே கூடாது என்று சட்டம். இரை முக்கியமாக மடவை. நம் கழிமுகத்தில் துள்ளும் அதே மடவை, இனம்கூட மாறவில்லை. கோடையில் இறால் நிறைய இருக்கும், குளிர் தொடங்கியதும் அது வெளியே போய்விடும். அதனால் பெரிய டிரவுட் ஜனவரியில் மடவையை நம்பித்தான் உயிர் பிழைக்கிறது. ஒரு மடவையை விழுங்கினால் அடுத்த இரைக்கு வெகுநேரம் அவசரப்படாது. இந்தக் காலத்தில் தூண்டிலை மெதுவாக இழுக்க வேண்டியிருப்பதற்குப் பாதிக் காரணம் இது. மீதிக் காரணம் குளிர். தண்ணீர் 15 டிகிரிக்கு மேல் இருந்தால் டிரவுட் துரத்திப் பிடிக்கும், 10-ஐத் தொட்டால் வாய்க்கு முன்னால் வந்தால்தான் திறக்கும், 7 வாக்கில் சாகத் தொடங்கும். ரெட்ஃபிஷ் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

எப்போது போவது என்பதுதான் பாதி வேலை. வாடைக்கு முந்தைய சில மணி நேரம் மீன் வெறிபிடித்ததுபோல் தின்னும், ஆனால் கோடு தெரிந்த பிறகு நீரில் நிற்பவன் முட்டாள். வாடை அடித்த மறுநாள் வானம் கண்ணாடிபோல் இருக்கும், பார்க்க ஆசையாக இருக்கும், மீன் கடிக்காது. மூன்றாம் நாள் காற்று தென்கிழக்குக்குத் திரும்பும்போது போக வேண்டும். அதுவும் நம்மைப்போல விடியற்காலை மூன்று மணிக்கு அல்ல, மதியம் பன்னிரண்டுக்கு மேல். கருஞ்சேறு வெயிலை வாங்கிச் சூடேறும், அதன்மேல் உள்ள நீர் பக்கத்து மணல்திட்டைவிட ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி கூடுதலாக இருக்கும். அந்த வித்தியாசத்துக்காக மீன் ஆழத்திலிருந்து மேட்டுக்கு ஏறி வரும். ஆகவே இடம் தேடும்போது மூன்றும் சேர்ந்த இடமாகப் பார்க்க வேண்டும்: காலுக்குக் கீழே மெத்தென்ற சேறு, அங்கங்கே புல், நூறு இருநூறு மீட்டருக்குள் கால்வாயோ பள்ளமோ. வாடை வந்தால் இறங்கி ஒளிந்துகொள்ளப் பள்ளம் இல்லாத மேட்டில் பெரிய மீன் தங்காது.

அந்த இடத்துக்குப் போனபிறகும் உடனே எறியக் கூடாது, நின்று பார்க்க வேண்டும். மடவை ஒன்றிரண்டாவது துள்ளுகிறதா? துள்ளாத இடத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம். பிறகு நீர்மேல் எண்ணெய்ப் படலம். டிரவுட் மடவையைத் தின்று கக்கும்போது அதன் கொழுப்பு மேலே வந்து பரவும். சாப்பாட்டுத் தட்டளவு இருந்தால் இப்போதுதான் எழும்பியது என்று அர்த்தம், முற்றம் அளவுக்கு விரிந்துவிட்டால் பழையது, மீன் அதற்குக் காற்று வரும் பக்கத்தில் இருக்கும். காற்றுக்குக் கீழே நின்றால் நறுக்கிய தர்பூசணி வாசனை வரும். நம்ப மாட்டீர்கள், அப்படியே தர்பூசணி.

வலை கிடையாது சித்தப்பா. 1981-ல் டிரவுட்டையும் ரெட்ஃபிஷையும் விற்கவே கூடாது என்று சட்டம் போட்டார்கள், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உள்கடலில் செவுள்வலையும் போய்விட்டது. வீச்சுவலை 14 அடி விட்டம் வரை, அதுவும் இரை மீனுக்கு மட்டும். எல்லாம் தூண்டில்தான், பெரும்பாலும் செயற்கை இரை. ஏழடிக் கழி, 15 பவுண்டு பின்னல் நரம்பு, நுனியில் இரண்டடிக்கு 20 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பு. இரை நாலைந்து அங்குல ரப்பர் மீன், தலையில் ஈயத்தோடு கூடிய கொக்கி. ஈயம் இரண்டு கிராமுக்குள் இருக்க வேண்டும், காற்று அதிகமென்றால் மூன்றரை. பலர் கெட்டுப்போவது இங்கேதான். தூரம் போகட்டும் என்று ஏழு கிராம் மாட்டுவார்கள், அது நேரே சேற்றில் புதைந்துவிடும். மீன் மேலே நோக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கும், இரை அதன் வயிற்றுக்குக் கீழே கிடக்கும். இன்னொன்று கார்க்கி என்ற இரை. உள்ளங்கை நீளத்துக்கு மெத்தென்ற பொம்மை, உள்ளே கம்பி ஓடும். தலையையும் வாலையும் கொஞ்சம் மேல்நோக்கி வளைத்தால் மேல்நீரிலேயே நிற்கும், கீழே வளைத்தால் இறங்கும். எறிந்து, சின்னதாய் இரண்டு சுண்டு, பிறகு ஐந்து எண்ணும்வரை அசைக்காதே, தண்ணீர் மிகக் குளிர்ந்திருந்தால் பத்து எண்ணு. கடி பெரும்பாலும் அந்தச் சும்மா நிற்கும் நேரத்தில்தான் வரும். வெட்டி இழுக்காது. ஈரத்துணி சிக்கியதுபோல ஒரு கனம், அவ்வளவுதான். கழியை வெடுக்கென்று தூக்காமல் சாய்த்து இறுக்க வேண்டும். டிரவுட்டின் வாய் வெற்றிலைபோல மெல்லியது, கொக்கி கிழித்துக்கொண்டு வந்துவிடும். நரம்புச் சுருளின் இறுக்கத்தையும் அதற்காகவே தளர்த்தி வைப்பார்கள்.

பெரிய மீனுக்குப் பேர் போனது பாஃபின் விரிகுடா. அங்கே பழங்காலத்துப் புழுக்கள் சுண்ணாம்புக் குழாய் கட்டிக் கட்டி எழுப்பிய பார் என்ற பாறைத்திட்டு கிடக்கிறது. பாரின் மேல்விளிம்பு கலங்கிய நீரில் தெரியாது, எஞ்சின் அடிப்பாகத்தைச் சீவிவிடும். தெரியாதவர்கள் அங்கே மெதுவாக ஓட்டித்தான் போக வேண்டும். புல்மேட்டில் எஞ்சின் இறக்கையை ஓட்டிப் புல்லை வேரோடு பிடுங்கினாலும் 2013 முதல் மாநிலம் முழுக்கக் குற்றம். அது நல்ல சட்டம். நம் பக்கமும் இழுவைமடி வலைக்கு இப்படி ஒரு கடிவாளம் இருந்திருந்தால் என்று எப்போதும் தோன்றும்.

ஆபத்து இரண்டு வகை. தெற்குக் காற்றில் நீர் ஏறியிருக்கும்போது உள்குட்டைக்குள் படகை விட்டு நங்கூரம் போடுவார்கள். வாடை திரும்பினால் வழி வற்றிவிடும், தண்ணீர் திரும்பும்வரை ஒருநாள், இரண்டு நாள் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அச்சடித்த வெள்ளம், வத்தம் அட்டவணையை நம்பாமல், கரையோரக் கருவிகள் காட்டும் உண்மையான நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். அடுத்தது குளிர்நீர். நம் கடலில் விழுந்தவன் நீந்துவான். இங்கே 10 டிகிரி நீரில் முதல் ஒரு நிமிஷம் மூச்சு அடைக்கும், பத்து நிமிஷத்துக்குள் கைவிரல் வேலை செய்யாது, ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பும். இறங்கி நடப்பவர்கள் நெஞ்சுவரை ரப்பர் கால்சட்டை போடுகிறார்கள், அதன்மேல் இடுப்பில் வார் இறுக்கிக் கட்டாவிட்டால் விழும்போது உள்ளே நீர் நிறைந்துவிடும். ஓட்டுபவர் உடம்பிலிருந்து எஞ்சினுக்கு ஒரு கயிறு. அவர் விழுந்தால் எஞ்சின் நிற்கும், 2021 ஏப்ரலிலிருந்து சிறு படகுகளுக்கு அது கட்டாயம். வள்ளத்தில் நீங்களும் அப்படி ஒன்று கட்டிக்கொண்டால் எனக்கு நிம்மதி. தெற்குக் காற்று குளிர்ந்த நீர்மேல் படும்போது பனிமூட்டமும் இறங்கும். அப்போது கால்வாயின் நடுவில் நிற்கவே கூடாது, சரக்கு மிதவைகளால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது.

எல்லாவற்றையும்விடப் பயங்கரம், வாடை நாலைந்து நாள் நின்றுவிட்டால். ஒரு மீட்டர் நீர் இரண்டு இரவில் குளிர்ந்துவிடும், கால்வாய்க்குப் போய்ச் சேர முடியாத மீன் மேட்டிலேயே சாகும். 1983 டிசம்பரில் இந்தக் கரையில் ஒரு கோடிக்கு மேல் மீன் செத்தது, 1989-ல் பிப்ரவரியிலும் டிசம்பரிலும் என்று இரண்டு முறை. 2021 பிப்ரவரியில் குறைந்தது 38 லட்சம், பெரும்பங்கு மடவை போன்ற இரைமீன். டிரவுட் மட்டும் 1 லட்சத்து 60 ஆயிரம். அப்போது நம் பேராமைகளும் விறைத்துப்போய் மிதந்தன. சவுத் பாட்ரே தீவில் மாநாட்டு மண்டபத்தின் தரை முழுக்க 4,000-க்கும் மேற்பட்ட ஆமைகளை வரிசையாகப் படுக்கவைத்து, உடம்பு சூடேறிய பிறகு கடலில் விட்டார்கள். அப்படி விறைக்கும் நாட்களில் தப்பிய மீனெல்லாம் ஆழமான பள்ளங்களில் மூட்டைபோல் குவிந்திருக்கும், குழந்தைகூடப் பிடித்துவிடும். அதனால் அந்தப் பள்ளங்களில் தூண்டில் போடுவதையே அரசு தற்காலிகமாகத் தடுக்கலாம். சரக்கு மிதவைகளையும் கேட்டுக்கொண்டு நிறுத்துகிறார்கள்.

இப்போது டிரவுட் ஆளுக்கு நாளைக்கு 3தான், 15 அங்குலத்துக்கும் 20 அங்குலத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். இருபதுக்கு மேல் போனவை பெரும்பாலும் பெட்டை, முட்டைக்காக விடச் சொல்கிறார்கள். ரெட்ஃபிஷும் 3, அது 20 முதல் 28 அங்குலம். அளந்து பார்த்து, கையை நனைத்துக்கொண்டு பிடித்து, தலையை முன்னோக்கி நீரில் விட வேண்டும். காய்ந்த துணியால் பிடித்தால் வழவழப்பு போய்விடும்.

சித்திக்கு ஒரு செய்தி. டிரவுட் சதை ரொம்ப மெது. பிடித்த உடனே செவுளை அறுத்து இரத்தம் வடித்து ஐஸில் புதைக்காவிட்டால் சாயங்காலத்துக்குள் கூழாகிவிடும். முதுகுச் சதையில் சிலசமயம் வெள்ளை நூல்போலப் புழு இருக்கும். வேகவைத்தால் கெடுதல் இல்லை, உருவிப் போட்டுவிடலாம். குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகுதான் துண்டைப் போட வேண்டும், ஐந்து நிமிஷம், கரண்டி வைக்காமல் சட்டியைப் பிடித்து ஆட்டி இறக்கிவிட வேண்டும். இங்கே நல்லெண்ணெய் கிடைக்கிறது. நம் ஊர்ப் புளிதான் இல்லை. அடுத்த முறை யாராவது வந்தால் அரைக் கிலோ, விதை எடுத்தது, கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

நாளை மறுநாள் அடுத்த வாடை வருகிறது.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்