சாக்கடைக்குள் கிடக்கும் குடிநீர்க் குழாயை மாற்றக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்: வால்வு தொட்டிக்குக் கீழ்ப்புறத் தெருக்களில் குடியிருப்போர்

பெறுநர்: உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள், குடிநீர் வழங்கல் பிரிவு

பார்வை: இதே பொருளில் அளித்த இரு மனுக்கள் (பதில் இல்லை)

ஐயா, வணக்கம்.

சாக்கடையில் முங்கியபடி குடிநீர்க் குழாய் கடக்கும் அந்த வளைவு தாங்கள் அறிந்ததே.

1. தண்ணீர் விடும்போது அழுத்தம் இருப்பதால் வளைவின் இணைப்பில் நீர் வெளியே கசிகிறது. வால்வை மூடியதும் அழுத்தம் இறங்கி, அதே கசிவு வழியாகக் கழிவுநீர் உள்ளே இழுக்கப்படுகிறது. மறுமுறை திறந்ததும் முதலில் வரும் நாற்றக் கலங்கல் அதுதான்.

2. மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலப்பதாகச் சொல்வார்கள். 25 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடரை 1000 லிட்டருக்கு 4 கிராம் போட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். திறந்த மூட்டையில் கிடந்து வீரியம் 10 சதவீதமானால் 0.4தான். கடைசி வீட்டுக் குழாயில் 0.2 மிஞ்ச வேண்டும். சாக்கடை அழுக்கு அதையும் தின்றுவிடும். கிருமி சாக 30 நிமிடமாவது வேண்டும். வளைவிலிருந்து எங்கள் குழாய்க்குத் தண்ணீர் வர அவ்வளவு நேரமா ஆகிறது?

3. எங்களை அதிகம் வாட்டுவது மஞ்சள் காமாலை. காலரா சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் தெரிந்துவிடும். உப்புச் சர்க்கரைக் கரைசலை உடனே கொடுத்தால் பெரும்பாலோரைக் காப்பாற்றலாம். டைபாய்டுக்கு ஆன்டிபயாடிக் உண்டு. மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஈ வைரஸ் அப்படியல்ல. குடித்து 2 முதல் 8 வாரம் கழித்தே காய்ச்சல், குமட்டல், மஞ்சள் கண். கர்ப்பிணி அல்லாதவர்கள் பெரும்பாலும் தானாகத் தேறிவிடுவார்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் தொற்றினால் கல்லீரல் செயலிழந்து 100 பேரில் 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும். கருவையும் இழக்க நேரிடலாம். ஒருவர் கண் மஞ்சளாகும் நாளில் வந்து தண்ணீரைச் சோதித்தால் என்ன கிடைக்கும்? அவர் குடித்தது போன மாதத் தண்ணீர் ஐயா! இன்றைய மாதிரி சுத்தம் என்பதால் போன மாதத் தண்ணீர் சுத்தமாகிவிடுமா?

4. மாதிரி எடுப்பதும் முறையாக இல்லை. நீர் தெளிந்த பிறகு எடுக்கிறார்கள். கிருமி நீக்கிய பாட்டிலில் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் இல்லாவிட்டால், வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே போகும். ஆய்வகம் "பாதுகாப்பானது" என்று எழுதும். திறந்த முதல் நிமிட நீரை, ஐஸ் பெட்டியில், 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். 100 மில்லியில், மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

5. வளைவை எடுத்துவிட்டு, குழாயைச் சாக்கடைக்கு மேலாகக் கொண்டுபோங்கள். பிறகு அலசி, லிட்டருக்கு 25 மில்லிகிராம் குளோரின் நீரை 24 மணி நேரம் நிரப்பி வைத்து, வடித்து, சோதித்துத் திறங்கள். ஒட்டுப்போட்டு மூட வேண்டாம். அழுத்தம் ஏறி இறங்கும்போது ஒட்டு மறுபடி விடும்.

6. அதுவரை லாரித் தண்ணீர். கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி வீடு வீடாக அறிவிப்பு. இதற்கும் நிதி ஒதுக்கீடு வர வேண்டுமா?

கர்ப்பிணிகள் உள்ள வீடுகளுக்கு இன்றே லாரி அனுப்பி, அந்த வளைவை மாற்றித் தருமாறு மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கீழ்ப்புறத் தெருவாசிகள்